பல்லை எண்ணிச் சொல்லுங்கள், சித்தி

குழு: லட்சுமி பாட்டி குடும்பம்
ஞாயிறு, காலை 9:12

ராஜி சித்தி: [படம்: நீளக் காது, பல்லைக் காட்டிச் சிரிக்கும் ரோமப் பொம்மை]

ராஜி சித்தி: அனு பிறந்தநாளுக்கு வாங்கினேன். லபுபுவாம். 650 சொன்னான், பேரம் பேசி 450க்கு முடித்தேன் 😊

சேகர் மாமா: (பலமுறை அனுப்பப்பட்டது) எச்சரிக்கை!! இந்தப் பொம்மை மெசபடோமியாவின் பசூசு என்னும் பேயின் உருவம். வீட்டில் வைக்காதீர்கள். எல்லாக் குழுவுக்கும் அனுப்பவும் 🙏🙏

பெரியம்மா: ஐயோ ராஜி, நல்ல நாளும் அதுவுமாக இதையா வாங்கினாய்?

கார்த்திக் (சிங்கப்பூர்): மாமா, அது வெறும் புரளி. லபுபுவை வரைந்தவர் காசிங் லங். ஹாங்காங்கில் பிறந்து நெதர்லாந்தில் வளர்ந்தவர். வட ஐரோப்பாவின் குட்டிச்சாத்தான் கதைகளில் ஊறியவர். 2015இல் அவர் போட்ட படக்கதைப் புத்தகங்களில் வந்த பாத்திரம்தான் இது.

சேகர் மாமா: குட்டிச்சாத்தான் என்று நீயே சொல்கிறாய் 😂

கார்த்திக்: வாய் தவறிவிட்டது மாமா. காட்டில் திரியும் குறும்புக்காரக் குள்ளர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கார்த்திக்: சித்தி, ஒரு வேலை செய்யுங்கள். பல்லை எண்ணிச் சொல்லுங்கள்.

ராஜி சித்தி: யார் பல்லை?

ராஜி சித்தி: சரி சரி. பத்து.

அனு: பதினொன்று அம்மா. ஓரத்தில் பாதியாக ஒன்று இருக்கிறது.

கார்த்திக்: அசலுக்கு ஒன்பதுதான். உங்களிடம் இருப்பது லஃபுஃபு.

ராஜி சித்தி: அது யார், தங்கையா?

கார்த்திக்: போலிக்கு ஊரே வைத்த பெயர் சித்தி 🙈

அனு: எனக்குப் பார்த்தவுடனே தெரியும். அம்மா மனசு கஷ்டப்படும் என்று சொல்லவில்லை.

ராஜி சித்தி: 450 ரூபாய்!! அந்தக் கடைக்காரன் ஒரிஜினல் என்று சத்தியம் செய்தான்.

கார்த்திக்: கை கால் இறுக்கமாக இருக்கிறதா பாருங்கள். கழன்று வந்தால் பெரியம்மா வீட்டுக் குட்டியிடம் கொடுக்கவே வேண்டாம். இந்தப் போலிகளின் துண்டுகள் சின்னக் குழந்தையின் தொண்டையில் சிக்கலாம் என்று 2025 ஆகஸ்டில் அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையமே எச்சரித்தது.

ராஜி சித்தி: ஒரு கால் ஏற்கெனவே என் கையில் இருக்கிறது.

காலை 10:05

பெரியப்பா: இப்போதுதான் எல்லாம் படித்தேன். ஒரிஜினல் என்ன விலை?

கார்த்திக்: அதைக் கேட்காதீர்கள் பெரியப்பா. 2025 ஜூனில் பெய்ஜிங் ஏலத்தில் 131 செ.மீ. உயர லபுபு ஒன்று 10 லட்சத்து 80 ஆயிரம் யுவானுக்குப் போனது. நம் பணத்தில் ஒன்றேகால் கோடிக்கு மேல்.

சேகர் மாமா: பேய் இல்லை என்றாயே, இதுதான் பேய்.

கார்த்திக்: அது ஏலக் கதை. சாதாரணமாக, லபுபுவை விற்கும் பாப் மார்ட் என்ற சீன நிறுவனத்தின் கடையில் மூடிய பெட்டியாக விற்பார்கள். உள்ளே எது என்று தெரியாது. ஒரு தொடரில் ஆறு உருவம், அப்புறம் அபூர்வமாக வரும் 'சீக்ரெட்' ஒன்று. அது சராசரியாக 72 பெட்டிக்கு ஒன்று.

பெரியப்பா: அப்படியானால் உதிரியாக 72 பெட்டி வாங்கினாலும் கிடைக்காமல் போக மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வாய்ப்பு இருக்கிறது. லாட்டரிச் சீட்டுக்குக் காது ஒட்டி விற்கிறான். நீ எத்தனை வாங்கினாய்?

கார்த்திக்: நெட்வொர்க் சரியில்லை பெரியப்பா.

பெரியம்மா: 😂😂

பெரியப்பா: அது கிடக்கட்டும். முகம் வழவழவென்று ஒரே துண்டாக இருக்கிறதே, எப்படிச் செய்கிறார்கள்? உருக்கிய பிளாஸ்டிக்கை அச்சுக்குள் அழுத்திச் செலுத்தும் ஊசி அச்சு மாதிரி தெரியவில்லை.

கார்த்திக்: இல்லை. வினைல் என்ற பிளாஸ்டிக்கைத் திரவமாக உலோக அச்சில் ஊற்றி, மூடி, சூட்டில் சுழற்றுவார்கள். சுவரோரமாகப் படிந்து இறுகும், உள்ளே வெற்றிடம்.

பெரியப்பா: அட, நாங்கள் முப்பது வருடம் தண்ணீர்த் தொட்டி செய்தது அதே வழியில்தான்! எங்களுக்கு பவுடர், இவர்களுக்குத் திரவம். காது அச்சில் மாட்டிக்கொள்ளாதா?

கார்த்திக்: சூடாக இருக்கும்போது வினைல் ரப்பர் மாதிரி வளையும். சின்ன வாய் வழியாகக் குறடு போட்டு உருவி எடுத்துவிடுவார்கள்.

பெரியப்பா: பிரசவம் பார்ப்பது போல. நல்ல வேலை.

கார்த்திக்: எனக்கு இதில் பிடித்ததே வேறு. இதெல்லாம் முதலில் தாளில் இருந்தது. மைக்கேல் லாவ் ஹாங்காங்கில் பத்திரிகைக்கு வரைந்த 'கார்டனர்' காமிக்கின் ஆட்களை 1999இல் 12 அங்குல உருவங்களாகக் காட்சிக்கு வைத்தார். ஓவியர்களே வடிவமைக்கும் இந்த டிசைனர் பொம்மைப் பித்துக்கு அவரை முன்னோடி என்பார்கள். காசிங் லங்கின் உருவங்களையும் முதலில் செய்தது ஹாங்காங்கின் ஹவ்டூஒர்க் என்ற பொம்மை நிறுவனம்தான், பாப் மார்ட் 2019இல்தான் வந்தது. படத்தில் முகம் மட்டும் இருக்கும். பிடரி எப்படி, காதின் பின்பக்கம் எப்படி, சிரிக்கும்போது கன்னம் எவ்வளவு உப்பும், இதெல்லாம் படத்தில் இருக்காது. உருவம் வடிப்பவர் முடிவு செய்ய வேண்டும். அதில் கோணல் வந்தால் அது வேறு ஆள் ஆகிவிடும்.

அனு: அதனால்தான் அம்மா வாங்கினது திருதிருவென்று முழிக்கிறது.

ராஜி சித்தி: சரிடி, போதும்.

பெரியம்மா: கொலுவுக்குக் கொடுத்துவிடு ராஜி. கடைசிப் படியில் வைக்கிறேன். மரப்பாச்சிக்குப் பக்கத்தில் மட்டும் வேண்டாம்.

மாலை 6:40

அனு: [படம்]

அனு: கார்த்திக் அண்ணா, இது நான் வரைந்தது. பெயர் முட்டக்கண்ணி. இதைப் பொம்மையாக்க முடியுமா?

கார்த்திக்: அடேங்கப்பா! ஆந்தையா, பூனையா?

அனு: இரண்டும்.

பெரியப்பா: அனு, நாளைக்கு வீட்டுக்கு வா. களிமண் பிசைந்து வைக்கிறேன். முன்பக்கம், பக்கவாட்டு, பின்பக்கம் மூன்றையும் ஒரே உயரத்தில் வரைந்து கொண்டு வா.

அனு: பின்பக்கம் யோசிக்கவே இல்லை பெரியப்பா.

பெரியப்பா: யோசி. வால் உண்டா, இல்லையா?

கார்த்திக்: நல்ல கேள்வி. லபுபுவுக்கு வால் கிடையாது. அதே கதையில் லபுபு கூட்டத்தின் தலைவர் ஸிமோமோவுக்கு உண்டு.

அனு தட்டச்சு செய்கிறார்...

அனு: உண்டு. ஆனால் சுருட்டி உட்கார்ந்திருப்பாள், வெளியே தெரியாது.

பெரியப்பா: தெரியாத வாலுக்கும் நான்தான் களிமண் போட வேண்டுமா?