வெதர்காக்கிங்: தமிழில் என்ன சொல்லலாம்?

சிறு விமானங்கள் பக்கக்காற்றில் புறப்படும்போது நேரும் விபத்துகள் பற்றிய கட்டுரைக்குச் சொற்கள் திரட்டுகிறேன். பக்கக்காற்றுக் கூறு (காற்றின் வேகத்தில் ஓடுபாதைக்குக் குறுக்கே வீசும் பங்கு), சுக்கான் (வாலில் உள்ள, காலால் மிதித்து இயக்கும் ரட்டர்) இவற்றில் சிக்கலில்லை. வெதர்காக்கிங்கிற்கு (பக்கக்காற்றில் விமானத்தின் மூக்கு காற்று வரும் பக்கம் திரும்புவது) 'எதிர்காற்றுத் திரும்பல்', டிரிஃப்டுக்கு (காற்றால் விமானம் பக்கவாட்டில் நகர்வது) 'காற்றொதுக்கம்', ஏலரானுக்கு (விமானத்தைப் பக்கம் சாய்க்க, சிறகின் பின்விளிம்பில் அசையும் பலகை) 'சிறகுமடல்' என்று வைத்திருக்கிறேன். சரிதானா?

> எதிர்காற்றுத் திரும்பல்

வேண்டாம் ஐயா. எதிர்காற்று என்றால் மூக்குக்கு நேரே வீசுவது. இங்கே காற்று பக்கத்திலிருந்து வந்து, முதன்மைச் சக்கரங்களுக்கு வெகு பின்னாலுள்ள வால்செதிலைத் தள்ளுகிறது. வால் காற்று தள்ளும் பக்கம் போக, மூக்கு காற்று வரும் பக்கம் திரும்புகிறது. காற்று மூக்கைத் தள்ளும் என்று நினைக்கும் புதியவர் சுக்கானைத் தப்பான பக்கம் மிதிப்பார். அதனால் திசையைச் சொல்லும் சொல்தான் தேவை: 'காற்றுமுகத் திரும்பல்'.

செஸ்னா 172 என்னும் சிறு விமானத்தில் விமானி பார்வைக்குச் சுழலி (புரொப்பெல்லர்) வலஞ்சுழியாகச் சுற்றுவதால், முழு விசையில் மூக்கு தானாகவே இடப்புறம் இழுக்கும். இடப்பக்கக் காற்றும் சேர்ந்தால் வலக்காலுக்குத்தான் வேலை அதிகம். இதையும் கட்டுரையில் சேருங்கள்.

> காற்றொதுக்கம்

மழைக்கு ஒதுங்குகிறோமே, அதுபோல் காற்றுக்கு மறைவிடம் என்று படித்துவிடுவார்கள். 'காற்றிழுவை'யும் ஆகாது, இயற்பியலில் இழுவை வேறு. 'பக்கப்பெயர்வு' போதும்.

இந்தப் பெயர்வாலும் விபத்து நேரும். ஓடத் தொடங்கும்போது ஏலரானைக் காற்று வரும் பக்கம் முழுக்கத் திருப்பி, வேகம் ஏற ஏறக் குறைக்க வேண்டும். முன்னதாகவே விட்டுவிட்டால் காற்றுப் பக்கச் சிறகு தூக்கும். விமானம் ஒற்றைச் சக்கரத்தில் தத்தி, போதிய வேகமில்லாமல் எழும்பி, பக்கவாட்டில் நகர்ந்தபடியே மறுபடி தரையில் உட்காரும். அந்தப் பக்கச்சுமையில் சக்கரக்கால் மடங்கும், சிறகுநுனி தரையில் உரசும். ஆகவேதான் வழக்கத்தைவிடச் சற்றுக் கூடுதல் வேகம் வரும்வரை தரையிலேயே வைத்திருந்து, பிறகு சட்டென்று எழுப்பச் சொல்கிறது செஸ்னா 172எஸ் வகையின் கையேடு. எழுந்ததும் மூக்கைக் காற்றுப் பக்கம் திருப்பிப் பெயர்வை ஈடுகட்ட வேண்டும்.

இன்னொன்று: அதே கையேட்டின் 15 நாட் (மணிக்குக் கடல்மைல்) பக்கக்காற்று அளவை 'உச்சவரம்பு' என்று எழுதாதீர்கள். அது சோதனையில் 'செய்துகாட்டிய' அளவு மட்டுமே. 20 நாட் காற்று ஓடுபாதைக்கு 45 பாகையில் வந்தால் பக்கக்கூறு 14 நாட். 60 பாகையில் 17-ஐத் தாண்டும்.

> ஏலரானுக்குச் 'சிறகுமடல்'?

ஃபிளாப்போடு (சிறகின் பின்விளிம்பில் உள்ள இன்னொரு மடல்) குழம்பும். ஏலரான் அப்படியே இருக்கட்டும்.