ஏழு சீற் ஜீப் எடுக்கலாமா? ஆறு பேர், வெள்ளவத்தை ஃபிளாட் பார்க்கிங்

வெள்ளவத்தை வாசி:
வணக்கம். வீட்டில ஆறு பேர். நாங்கள் இரண்டு பேர், 9 வயதிலும் 5 வயதிலும் பிள்ளைகள், அப்பா, அம்மா. அம்மாவுக்கு முழங்கால் வருத்தம், உயரமாக் கால் தூக்கி வைக்கக் கஷ்டம். இப்ப இருக்கிறது டொயோட்டா அக்சியோ கார். கிழமை நாளில பள்ளிக்கூடமும் கொள்ளுப்பிட்டியில வேலையும்தான் ஓட்டம். வருசத்தில மூன்று நாலு தரம் யாழ்ப்பாணம், ஒருக்கா நுவரெலியா. பாவிச்ச வாகனம்தான் எடுக்கிற எண்ணம். பார்த்து வைச்சிருக்கிறது: பிராடோ 2.8 டீசல் (2016–2018), மொன்டெரோ ஸ்போர்ட் 2.4 டீசல், ஏழு சீற் எக்ஸ்-டிரெயில் டி32. பார்க்கிங் கீழ்த்தளத்தில, இரண்டு தூணுக்கு நடுவில. எதை வைச்சு முடிவெடுக்கிறது?

அளவுநாடா:
வாகனம் பார்க்கப் போக முதல் உங்கட பார்க்கிங்கை அளவுங்கோ. அக்சியோ 4.4 மீற்றர் நீளம், 1,695 மிமீ அகலம். பிராடோ 1,885 மிமீ, அதுவும் கண்ணாடி சேர்க்காமல். மற்ற இரண்டும் 1,815–1,820. நீளத்தில பிராடோவும் மொன்டெரோ ஸ்போர்ட்டும் 4.8 மீற்றருக்குக் கிட்ட வரும், எக்ஸ்-டிரெயில் 4.7க்குள்ள நிற்கும். உங்கட இடம் 2.4 மீற்றர் அகலம் என்று வைச்சால், பிராடோவை நட்டநடுவில விட்டாலும் ஒரு பக்கத்துக்கு 25 சென்ரிமீற்றர்தான் மிச்சம். அதுக்குள்ள பெரிய ஆள் ஒருத்தர் கதவைத் திறந்து இறங்கேலாது. அம்மாவை ஒவ்வொரு நாளும் கீழ்த்தளத்துக்கு இறங்கிற சாய்வுப் பாதைக்கு மேலேயே இறக்கிவிட வேண்டி வரும். தூண் சரியாக் கதவுக்கு நேரே வருதா என்றும் பாருங்கோ. அக்சியோவுக்கு இடைஞ்சல் தராத தூண், நீளமான வாகனத்தின்ர பின்கதவுக்கு நேரே வந்து நிற்கும். கீழ்த்தளத்தில தண்ணிக் குழாயோ ஏசி குழாயோ தொங்கினால் அந்த இடத்து உயரத்தையும் எடுங்கோ. பிராடோ 1.85 மீற்றர், ரூஃப் ரக் போட்டால் இன்னும் கூடும்.

அடுத்தது மூன்றாவது வரிசை. பிராடோவும் மொன்டெரோ ஸ்போர்ட்டும் தனிச் சேஸிச் சட்டத்துக்கு மேல உடலை வைச்ச வாகனம், பின்னுக்கு இரண்டு சில்லையும் சேர்க்கிற முழு அக்சில். அதால பின்தளம் உயர்ந்து, சீற் தாழ்ந்து போகும். பெரியவர் இருந்தால் முழங்கால் நெஞ்சுக்கு வரும். எக்ஸ்-டிரெயிலில தளம் பரவாயில்லை, ஆனால் கால் வைக்க இடமே இல்லை. மூன்றிலும் அது பிள்ளைகளின்ர இடம்தான்.

நீங்கள் ஆறு பேர் என்றது ஒரு நல்ல விசயம். முன்னுக்கு இரண்டு, நடுவில மூன்று, கடைசியில 9 வயதுப் பிள்ளை. கடைசி வரிசை இரண்டாப் பிரிஞ்சு மடியும், ஒரு பாதியை மடிச்சுவிட்டால் பெட்டி வைக்க இடம் கிடைக்கும். இரண்டு பாதியையும் நிமிர்த்தினால் எக்ஸ்-டிரெயிலில மிஞ்சுறது 135 லீற்றர் மட்டும். யாழ்ப்பாணத்துக்கு ஆறு பேரின்ர சாமான் அதுக்குள்ள அடங்காது.

சின்னவருக்கு பூஸ்டர் சீற் வேணும். அதை நடுவரிசையில எந்தப் பக்கம் கட்டுறீங்களோ, அந்தப் பக்கத்துச் சீற்றை மடிச்சு வழிவிடேலாது. அதனால மற்றப் பக்கத்தால ஏறி இறங்குற மாதிரி வையுங்கோ, அந்தப் பக்கம் தூண் இருக்கக்கூடாது. இதெல்லாத்தையும் விற்கிறவரின்ர முற்றத்தில வைச்சே குடும்பத்தோட ஏறி, இருந்து, இறங்கிப் பாருங்கோ.

டீசல் பாஸ்:
மேல சொன்னது முழுக்கச் சரி. நான் எஞ்சின் பக்கம் மட்டும் சொல்றேன், ஏன்னா உங்க ஓட்டத்துக்கு அதுதான் பெரிய பிரச்சினை.

வெள்ளவத்தையிலிருந்து கொள்ளுப்பிட்டி நாலைஞ்சு கிலோமீற்றர்தான், அதுவும் காலி வீதி நெரிசல்ல. புது டீசல் எஞ்சின்களுக்குப் புகைக்குழாயில டிபிஎஃப் இருக்கு, கரியைப் பிடிச்சு வைக்கிற வடிகட்டி. நிறைஞ்சதும் எஞ்சின் கூடுதலா டீசல் அடிச்சு, 600 பாகை அளவுக்குச் சூடாக்கி அந்தக் கரியை எரிக்கும். அதுக்கு நிற்காம 15–20 நிமிசம் ஓடணும். நீங்க பாதியில எஞ்சினை நிற்பாட்டினா எரியிறதும் பாதியில நிற்கும். அடுத்த நாள் திரும்பத் தொடங்கும், திரும்ப நிற்கும். எரியாத டீசல் சிலிண்டர் சுவர் வழியா ஒயிலோட கலக்கும். டிப்ஸ்டிக்ல ஒயில் மேல் கோட்டைத் தாண்டி ஏறியிருந்தா இதுதான் காரணம். மெலிஞ்ச ஒயில் முதல்ல டர்போவை அடிக்கும்.

டீசல்தான் வேணும்னா: கிழமைக்கு ஒரு தடவை அதிவேகப் பாதையில அரை மணித்தியாலம் ஓட்டுங்க. சாதாரண ஒட்டோ டீசல் வேணாம், சுப்பர் டீசல் அடிங்க, கந்தகம் குறைவு. சாம்பல் குறைஞ்ச ஒயில், 5,000 கிலோமீற்றருக்கு ஒருக்கா மாத்துங்க. கரி எரியும், ஆனா ஒயில்ல இருந்து வர்ற சாம்பல் எரியாது, அது வடிகட்டிக்குள்ளேயே தங்கிடும். அதனாலதான் ஒயில் தரத்தை இவ்வளவு அழுத்திச் சொல்றேன்.

ஜப்பான்ல இருந்து வந்த 2.8 பிராடோவுக்கு அட்புளூ, அதாவது புகையைச் சுத்தமாக்கிற யூரியாக் கரைசல், அதுக்கு ஒரு தாங்கியும் இருக்கு. அது காலியானா எஞ்சினை நிற்பாட்டின பிறகு திரும்ப ஸ்டார்ட் ஆகாது. யாழ்ப்பாணம் போக முன்னாடி அளவு பாருங்க. மொன்டெரோ ஸ்போர்ட்ல டிபிஎஃப் இருக்கா இல்லையான்னு சந்தைக்குச் சந்தை மாறும், லிஃப்ட்ல ஏத்தி அடியில பார்த்து உறுதிப்படுத்துங்க.

எக்ஸ்-டிரெயில் பெற்றோல், அதனால இந்தத் தலையிடி இல்லை. ஆனா சிவிடி கியர், பல்சக்கரத்துக்குப் பதிலா பெல்ட்டுல ஓடுற ஒட்டோ கியர். ஆறு பேரோட நுவரெலியா போற வழியில ரம்பொடை ஏத்தத்துல ஒயில் சூடாகும். என்எஸ்-3 ஒயில் தவிர வேற எதுவும் ஊத்தக்கூடாது, 40,000 கிலோமீற்றருக்கு ஒருக்கா மாத்தினதுக்கு ரசீது கேளுங்க. இன்னொன்று, டி32 ஹைபிரிட் ஐந்து சீற்தான். ஏழு சீற் ஹைபிரிட்னு விளம்பரம் கண்டா நம்ப வேணாம்.

மைதிலி:
ஜீப் என்றே ஏன் நிற்கிறீங்கள்? அம்மாவின்ர முழங்காலை வைச்சுப் பார்த்தால் டொயோட்டாவின்ர நோவா அல்லது வொக்ஸி ஹைபிரிட் வான்தான் பொருத்தம், 2014க்குப் பிறகு வந்த 80 தொடர். 1,695 மிமீ அகலத்தில வாற தரங்கள் இருக்கு, அதாவது உங்கட அக்சியோவின்ர அகலமேதான். பக்கக் கதவு சறுக்கித் திறக்கும், 25 சென்ரிமீற்றர் இடைவெளி பிரச்சினையே வராது. படி தாழ்வு. தளம் மட்டமா இருக்கிறதால நடுவரிசை இரண்டு சீற்றுக்கும் நடுவால நடந்து பின்னுக்குப் போகலாம், பெரியவரே கடைசி வரிசையில இருக்கலாம். 1.8 ஹைபிரிட், நெரிசலில எஞ்சின் அணைஞ்சு நிற்கும்.

குறையும் சொல்லவேணும். ஏழு பேரோட ஏத்தத்தில எஞ்சின் சத்தம் போட்டு மெதுவா ஏறும். தரைக்கு உயரம் குறைவு, கிரவல் பாதையில அடி தட்டும். ஹைபிரிட் பற்றரி முன்சீற்றுகளுக்குக் கீழ. அதுக்குக் காற்றுப் போற துவாரத்தைக் கால்விரிப்பும் பிள்ளைகளின்ர பையும் மூடினால் பற்றரி சூடாகி ஆயுள் குறையும். அந்த வலையைத் தூசி தட்டி வைச்சிருக்க வேணும்.

காட்டுப்பாதை ஓடுறவைக்கும் இழுவை வேலைக்கும் பிராடோவுக்கு நிகர் இல்லை. யாழ்ப்பாணம் போற ஏ9 வீதிக்கு அந்தப் பலம் தேவையில்லை.

வெள்ளவத்தை வாசி:
எல்லாருக்கும் நன்றி. பின்னேரம் போய் அளந்தன், தூணுக்கு நடுவில 2.45 மீற்றர். பிராடோவை விட்டுட்டன். நோவா ஹைபிரிட்டும் எக்ஸ்-டிரெயிலும்தான் இனி. பார்க்கப் போகேக்க என்ன என்ன பார்க்கவேணும்?

டீசல் பாஸ்:
காலையில எஞ்சின் குளிரா இருக்கும்போது போங்க. முதல் நாளே சொல்லி வைங்க, ஸ்டார்ட் பண்ணி வைக்க வேணாம்னு. நோவாவுக்கு ஸ்கேனர் போட்டு ஹைபிரிட் பற்றரியோட ஒவ்வொரு தொகுதி வோல்ற்றையும் வாசிக்கச் சொல்லுங்க. நிற்கும்போது மட்டும் பார்த்துப் பிரயோசனமில்லை. ஒருத்தர் ஓட்ட, ஒருத்தர் பார்த்துட்டு வரணும். ஒரு தொகுதி மட்டும் மற்றதை விட வேகமா விழுந்து எழும்பினா அது பலவீனம். எக்ஸ்-டிரெயில்னா 20ல இருந்து 40 வரை மெதுவா அக்சிலரேற்றர் குடுங்க. உடம்பு நடுங்கிற மாதிரி உதறினா விட்டுடுங்க.

நோவாவுல பின் ஏசியைத் தனியாப் போட்டு, கடைசி வரிசையில பத்து நிமிசம் இருந்து பாருங்க. பின்னுக்குப் போற அலுமினியக் குழாய் வாகனத்துக்கு அடியால போகுது. கடற்கரைப் பக்கம் நின்ன வாகனத்துல உப்புக் காத்து அரிச்சு, பிடி இறுகுற இடத்துல காஸ் கசியும். கறுப்பு எண்ணெய்க் கறை இருந்தா அங்கதான். எக்ஸ்-டிரெயில் நாலு சில்லும் இழுக்கிற வகைன்னா நாலு டயரும் ஒரே அளவு, ஒரே தேய்மானமா இருக்கணும், இல்லாட்டி பின் கப்ளிங் சூடாகும்.

அளவுநாடா:
கடுதாசி பற்றி ஒன்று. பதிவுப் புத்தகத்தில இருக்கிற உரிமையாளரின்ர அடையாள அட்டையை நேரில பாருங்கோ. "ஓபன் பேப்பர்" என்று, பேர் மாத்தாமலே கைமாறி வந்தது என்றால் வேண்டாம், முந்தின ஆளைத் தேடித் திரியவேண்டி வரும். லீசிங் இருந்தால் முற்றான உரிமையாளர் என்ற இடத்தில கம்பனியின்ர பேர் இருக்கும். அவர்களிட்ட எழுத்தில தீர்வுத்தொகை எடுத்து, காசை நேரே அந்தக் கம்பனிக்கே கட்டுங்கோ. சேஸி இலக்கத்தை வைச்சு ஜப்பான் ஏலத்தாளை நீங்களே எடுங்கோ, விற்கிறவர் தாற பிரதியை நம்பாதேங்கோ. தரம் "R" என்றிருந்தால் அடிபட்டுத் திருத்தினது. ஏலத்தாளில இருக்கிற கிலோமீற்றர் இப்ப மீற்றரில இருக்கிறதை விடக் கூட என்றால் அதோட பேச்சை நிற்பாட்டலாம்.