நிறமாலைப் பகுப்பாய்வி காட்டும் அளவும் ஒளிமூலத்தின் மொத்தத் திறனும்

ஆய்வு மாணவி (கேள்வி):
அனைவருக்கும் வணக்கம். 1550 நானோமீட்டரை மையமாகக் கொண்ட, அரையுச்ச அகலம் (உச்சியின் பாதி உயரத்தில் நிறமாலையின் அகலம்) ஏறத்தாழ 50 நானோமீட்டர் உள்ள ஒரு சூப்பர்லூமினசென்ட் டையோடின் (பரந்த நிறமாலை கொண்ட குறைகடத்தி ஒளிமூலத்தின்) திறனை அளந்து வருகிறேன். பவர் மீட்டர் 10 மில்லிவாட், அதாவது +10 டிபிஎம் (1 மில்லிவாட்டை 0 எனக் கொண்ட டெசிபல் அளவு) காட்டுகிறது. அதே ஒளியிழையை ஒளி நிறமாலைப் பகுப்பாய்வியில் செருகி 0.1 நானோமீட்டர் பிரிதிறனில் (கருவி ஒரு நேரத்தில் பார்க்கும் அலைநீளப் பட்டையின் அகலம்) பார்த்தால் உச்சியில் −17 டிபிஎம்தான் தெரிகிறது. பிரிதிறனை 1 நானோமீட்டராக்கினால் −7 ஆகிறது. ஆனால் ஒற்றை அலைநீள லேசரை இணைக்கும்போது, எந்தப் பிரிதிறனிலும் பவர் மீட்டரை ஒட்டிய அளவே வருகிறது. டையோடின் திறனாக எதை எடுத்துக்கொள்வது?

ஆய்வகப் பொறியாளர்:
உங்கள் கருவி சரியாகவே இயங்குகிறது. திரையில் தெரியும் நிறமாலை வரைவின் ஒவ்வொரு புள்ளியும், அந்த அலைநீளத்தைச் சுற்றிப் பிரிதிறன் அளவுக்குத் திறந்திருக்கும் சாளரத்தின் வழியே வந்த திறனை மட்டுமே குறிக்கிறது. லேசரின் கோட்டகலம் அந்தச் சாளரத்தைவிட மிகக் குறுகியது என்பதால் அதன் ஒளி முழுவதும் உள்ளே வந்துவிடுகிறது; அதனால் உச்சியே மொத்தத் திறனாகிறது. டையோடின் ஒளியோ பல பத்து நானோமீட்டருக்குப் பரவியிருப்பதால், சாளரம் 10 மடங்கு அகன்றால் 10 மடங்கு ஒளி, அதாவது 10 டெசிபல் கூடுகிறது. நிறமாலையை மணி போன்ற காஸ் வடிவம் என்று கொண்டால் (1.064 அந்த வடிவத்துக்கான காரணி) உச்சி அடர்த்தி 10 ÷ (1.064 × 50), அதாவது நானோமீட்டருக்கு 0.188 மில்லிவாட். 0.1 நானோமீட்டருக்கு அது 0.0188 மில்லிவாட், −17.3 டிபிஎம். நீங்கள் கண்ட அளவும் அதுவே.

அளவீட்டு ஆசிரியர்:
மேலுள்ள விளக்கத்துடன் உடன்படுகிறேன். மொத்தத் திறன் வேண்டுமானால் வரைவைத் தொகையிட வேண்டும். ஒவ்வொரு புள்ளியின் டிபிஎம் மதிப்பையும் முதலில் மில்லிவாட்டாக மாற்றி, அவற்றைக் கூட்டி, புள்ளிகளின் இடைவெளியால் பெருக்கி, சாளரத்தின் இணைமான அகலத்தால் (அதே உச்சியுடன் அதே அளவு ஒளியை விடும் செவ்வகச் சாளரத்தின் அகலம்) வகுக்க வேண்டும். டெசிபல் மதிப்புகளை நேரடியாகக் கூட்டுவதற்குப் பொருளே இல்லை.

பலரும் கவனிக்காத இடம் அந்த இணைமான அகலம்தான். திரையில் 0.1 என்று தேர்ந்தெடுத்திருந்தாலும் உண்மையான அகலம் 0.09 ஆக இருந்தால், விடையில் ஏறத்தாழ அரை டெசிபல் பிழை புகுந்துவிடும். உங்களிடம் உள்ள லேசரையே அதே பிரிதிறனில் நெருக்கமான புள்ளிகளுடன் வருடி, நேரியல் அளவுகோலில் கிடைக்கும் பரப்பை உச்சியால் வகுத்தால், அந்த அலைநீளத்தில் கருவியின் உண்மை அகலம் கிடைக்கும். உங்கள் டையோடின் நிறமாலை மென்மையானது என்றால் 1 நானோமீட்டர் பிரிதிறனும் 0.2 நானோமீட்டர் இடைவெளியும் போதும். ஆனால் இரு ஓரங்களும் இரைச்சல் மட்டத்துக்கு இறங்கும்வரை வருடுங்கள்.

ஆய்வு மாணவி:
மிக்க நன்றி, ஐயா. அவ்வாறு தொகையிட்டதில் +9.7 டிபிஎம் வந்தது. மீதமுள்ள 0.3 டெசிபலைப் பொருட்படுத்த வேண்டுமா?

ஆய்வகப் பொறியாளர்:
கீற்றணி (ஒளியை அலைநீளவாரியாகப் பிரிக்கும் நுண்கோடுகள் கொண்ட பரப்பு) வகைப் பகுப்பாய்விகளில் அந்த அளவு வேறுபாடு இயல்பானதே. இணைப்பியின் முனையைத் துடைத்துவிட்டு, சாய்முனை இணைப்பி நேர்முனை இணைப்பியோடு சேராதபடி பார்த்துக்கொள்ளுங்கள். பவர் மீட்டரில் 1550 நானோமீட்டர் தேர்வாகியிருப்பதையும் உறுதிசெய்யுங்கள். ஒளியிழை ஒற்றைமுறை வகையாக (ஒளி ஒரே பாங்கில் மட்டும் செல்லும் மெல்லிய உள்ளகம் கொண்டதாக) இருப்பதும் முக்கியம், ஏனெனில் பெரும்பாலான பகுப்பாய்விகளின் திறன் அளவுத்திருத்தம் அதற்கே செய்யப்படுகிறது. மொத்தத் திறனுக்குப் பவர் மீட்டரையே சான்றாகக் கொண்டு, தொகையிட்ட பரப்பை அதற்குச் சமமாக்கி, வரைவு முழுவதையும் அதே விகிதத்தால் திருத்துவதே என் வழக்கம். நானோமீட்டருக்கு இத்தனை மில்லிவாட் என்ற அடர்த்தியை அதன் பின்னரே குறித்துக்கொள்வேன்.