கிட்னி பழுதான நாயை வீட்டில் வைத்துப் பார்த்தவர்கள்

மதுரையிலிருந்து:

போன வருஷம் சித்திரை வெயிலில் எங்கள் கருப்பன் குண்டா குண்டாகத் தண்ணீர் குடிக்க ஆரம்பித்தான். "வெயிலுக்கு நல்லாக் குடிக்கிறான்" என்று அம்மாவுக்குச் சந்தோஷம். நானும் ஒரு பெரிய கிண்ணம் வாங்கி வைத்தேன். பதினொரு வயது வரை வீட்டுக்குள் ஒரு நாள்கூடச் சிறுநீர் போகாதவன், ராத்திரியில் ஹாலில் போய்விட்டுச் சோபாவுக்குப் பின்னால் பதுங்கிக்கொள்வான். இரண்டு முறை திட்டினேன். ஒரு முறை கையை ஓங்கியும் விட்டேன். அதை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை.

ஒரு மாதம் கழித்து வாந்தி. வாயில் ஒரு நாற்றம், மூத்திர வாடை மாதிரி. இரத்தப் பரிசோதனையில் கிரியேட்டினின் (கிட்னி வெளியேற்ற வேண்டிய ஒரு கழிவு) 4.1. நாய்களுக்கு 2.9 முதல் 5 வரை மூன்றாம் நிலை, அதற்கு மேல் போனால் நான்காவது, அதுதான் கடைசி நிலை என்று டாக்டர் சொன்னார். கிட்னியில் முக்கால் பங்கு போன பிறகுதான் இந்த எண்ணே ஏறுமாம். அப்படியானால் அவன் அந்தக் கிண்ணத்தைக் காலி செய்துகொண்டிருந்தபோதே பாதிக்கு மேல் போயிருந்தது. கிட்னியால் சிறுநீரைக் கெட்டியாக்க முடியவில்லை, தண்ணீராகவே வெளியே போகிறது, போவதை ஈடுகட்டத்தான் அவ்வளவு குடித்தான். டயாலிசிஸ் பற்றிக் கேட்டேன். திடீரென்று பழுதான கிட்னிக்கு அது கைகொடுக்கும், மெல்ல மெல்லத் தேய்ந்ததற்குப் பெரிய பயன் இருக்காது என்றார்.

மருந்தைவிடச் சாப்பாடுதான் பெரும்பாடு. பழுதான கிட்னியால் சரியாக வெளியேற்ற முடியாத பாஸ்பரஸ் என்ற தாதுவைக் குறைக்க வேண்டும். அதாவது எலும்பு, ஈரல், கருவாடு, பால், முட்டையின் மஞ்சள் கரு எதுவும் கூடாது. அவனுக்குப் பிடித்தது மொத்தமும் இந்தப் பட்டியலில் அடங்கிவிட்டது. கிட்னிக்கென்று விற்கும் தீவனத்தை வாங்கி வந்தேன். மோந்து பார்த்துவிட்டு என்னையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டான். குமட்டல் இருக்கும்போது புது உணவை நீட்டினால் அந்த உணவையே வெறுத்துவிடுவான், முதலில் வாந்தியை நிறுத்துவோம் என்று டாக்டர் பிறகுதான் சொன்னார். எனக்கு முன்பே தெரிந்திருந்தால் ஒரு மூட்டைத் தீவனம் வீணாகியிருக்காது. கடைசியில் குழைந்த சோறு, முட்டை வெள்ளைக்கரு, வேகவைத்த பூசணி, ஒரு ஸ்பூன் நெய் என்று ஏதோ ஒரு வழிக்கு வந்தோம். கூடவே டாக்டர் எழுதிக் கொடுத்த சத்துப்பொடி. பாஸ்பரஸைப் பிடித்து வைக்கும் மாத்திரையைச் சோற்றோடு பிசைந்துதான் கொடுக்க வேண்டும். வெறும் வயிற்றில் கொடுத்தால் மாத்திரைக்கு வேலையே இல்லை. நான் ஒரு வாரம் அப்படித்தான் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

அம்மாதான் பெரிய சிக்கல். நான் வேலைக்குப் போனதும் ஒரு டம்ளர் பால் ஊற்றிவிடுவார். "வாயில்லா ஜீவன், ஏங்கிப் பார்க்குது" என்பார். சண்டை போட்டுப் பயனில்லை என்று தெரிந்ததும், வெள்ளைக்கரு ஊட்டும் வேலையை அவரிடமே கொடுத்தேன். பால் நின்றது.

அடுத்து தோலுக்கடியில் சலைன். ரிங்கர் லாக்டேட், ஒரு நாள் விட்டு ஒரு நாள் 300 மில்லி (அவன் 22 கிலோ, உங்கள் நாய்க்கு அளவு வேறாக இருக்கும்). கம்பவுண்டர் அண்ணன் எனக்கே கற்றுக்கொடுத்தார். தோள்பட்டைகளுக்கு நடுவே தோலைக் கூடாரம் மாதிரித் தூக்கிப் பிடித்து ஊசியை நுழைக்க வேண்டும். முதல் நாள் ஊசி மறுபக்கமாக வெளியே வந்து, என் சட்டைதான் நனைந்தது. பாட்டிலை வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடம் போட்டு எடுத்தால் அவன் திமிறுவதில்லை. ஜன்னல் கம்பியில் மாட்டிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வேன். முதுகில் ஒட்டகத் திமில் மாதிரி வீங்கி, மெதுவாக முன்னங்காலுக்கு இறங்கும். பார்த்தால் பயமாக இருக்கும். சில மணி நேரத்தில் வற்றிவிடும். ஒன்று மட்டும் கவனியுங்கள். மெடிக்கலில் "குளுக்கோஸ் பாட்டில்" என்று கேட்காதீர்கள். எனக்கு ஒருமுறை டெக்ஸ்ட்ரோஸ் (சர்க்கரை) கலந்ததை எடுத்துக் கொடுத்துவிட்டார்கள். அது தோலுக்கடியில் போடுவதற்கானதல்ல. லேபிளைப் படித்ததால் தப்பித்தோம்.

இப்படி எட்டு மாதம் ஓடியது.

சென்னை, வேளச்சேரியிலிருந்து:

அக்கா, எங்கள் கதை வேறு மாதிரி. டாமிக்கு ஒன்றரை வயதுதான். ஐப்பசி மழையில் தெருவில் முழங்கால் தண்ணீர். அதில் குதித்து விளையாடினான், நாங்களும் வீடியோ எடுத்தோம். பத்து நாளில் காய்ச்சல், வாந்தி, கண்ணெல்லாம் மஞ்சள், சிறுநீரே வரவில்லை. எலிக்காய்ச்சல். எலி மூத்திரம் கலந்த தண்ணீரிலிருந்து வருவது, கிட்னியையும் கல்லீரலையும் சேர்த்துத் தாக்கும். தடுப்பூசி வருஷா வருஷம் போட வேண்டும், நாங்கள் ஒரு வருஷம் விட்டுவிட்டோம்.

நரம்பு வழியாக டிரிப், ஆன்டிபயாடிக். மனிதர்களுக்கும் தொற்றும் என்பதால் கையுறை போட்டுக்கொண்டுதான் அவனைத் தொட்டோம். சிறுநீர் வரவில்லையென்றால் வேப்பேரி கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோய் டயாலிசிஸ் செய்ய வேண்டியிருக்கும் என்று சொல்லிவிட்டார்கள். மூன்றாம் நாள் காலை கிளினிக் வாசலில் விளக்குக் கம்பத்தைப் பார்த்துக் காலைத் தூக்கினான். நானும் தம்பியும் நடுரோட்டில் நின்று கைதட்டினோம். போகிறவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். இப்போது நன்றாக இருக்கிறான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை இரத்தம் எடுக்கிறோம்.

கோவையிலிருந்து:

இதைப் படிப்பவர்களுக்கு ஒன்று சொல்லிக்கொள்கிறேன். எங்கள் நாய் நொண்டியபோது, நான் மூட்டுவலிக்குப் போடும் மாத்திரையில் பாதியை அவளுக்கும் கொடுத்தேன். நான்கு நாள். கிட்னி பழுதாகிவிட்டது. எங்கள் டாக்டர் கேட்ட முதல் கேள்வியே "வலி மாத்திரை ஏதாவது கொடுத்தீங்களா?" என்பதுதான். உலர்ந்த திராட்சையும் நாயின் கிட்னிக்கு ஆகாது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. பாயசத்தில் கிடப்பதைப் பொறுக்கி நானே போட்டிருக்கிறேன்.

மதுரை அக்காவிடம் ஒரு கேள்வி. போதும் என்று எப்படி முடிவு செய்தீர்கள்? என்னால் முடியவில்லை.

மதுரையிலிருந்து:

நான் முடிவு செய்ததாகச் சொல்ல முடியாது தம்பி. நடுவில் கிரியேட்டினின் 6 வரை ஏறியது. ஆனால் அன்றைக்கும் வாசலில் பால்காரரைப் பார்த்துக் குரைத்தான், அதனால் நான் ரிப்போர்ட்டை மடித்து வைத்துவிட்டேன். மார்கழியில் வாய் முழுக்கப் புண். அம்மா ஊட்டியபோது வெள்ளைக்கருவை வாயில் வாங்கி, அவர் மனசு நோகக் கூடாது என்பது போல் கொஞ்ச நேரம் வைத்திருந்து, கீழே விட்டான். மூன்று நாள் இப்படி. மூன்றாம் நாள் அம்மாதான் "டாக்டரை வீட்டுக்கு வரச் சொல்லு" என்றார். நான் சொல்லத் தயங்கிக்கொண்டிருந்ததை அவர் சொன்னார்.

டாக்டர் வந்தபோது கருப்பன் அம்மா மடியில் தலை வைத்திருந்தான். முதலில் மயக்க ஊசி, அது முழுதாக ஏறிய பிறகுதான் அடுத்தது. வலி இல்லை.

நான்கு பாட்டில் ரிங்கர் லாக்டேட் மீதி இருந்தது. தேதி முடியாததால் கம்பவுண்டர் அண்ணனிடமே கொடுத்துவிட்டேன். உங்களுக்கு ஊசி போடப் பயமாக இருந்தால் சொல்லுங்கள், நான் போனில் கூடவே இருக்கிறேன்.