கூகையும் எலியும் இரண்டு போனில் சண்டை போட்டபோது

மகளுக்குப் பள்ளியில் குறள் ஒப்புவிக்கும் போட்டி, அவளுக்கு வந்தது காலமறிதல் அதிகாரம். முதல் குறளே, 481, பகலில் காக்கை கூகையை, அதாவது ஆந்தையை, ஜெயித்துவிடும் என்பதுதான். மனப்பாடம் பண்ணிக்கொண்டே வந்தவள் நிறுத்தி, “அப்பா, அப்ப ராத்திரி கூகைதான் ஜெயிக்குமா?” என்று கேட்டாள். சரி, அதுகளையே பேசவிட்டுப் பார்ப்போம் என்று என் போனில் ஒரு ஏஐ சாட்பாட்டைக் கூகையாகவும், மனைவி போனில் இன்னொன்றைக் காக்கையாகவும் இருக்கச் சொன்னோம். இது சொல்வதை நகலெடுத்து அதில் ஒட்டுவது, அது சொல்வதை இதில் ஒட்டுவது, அவ்வளவுதான் வேலை. மன்னார்குடிப் பக்கம் எங்கள் ஊர். ராத்திரி ஒன்பது மணிக்குத் திண்ணையில் உட்கார்ந்து ஆரம்பித்தோம்.

முதல் நாள் ஒன்றும் தேறவில்லை. நாலைந்து பேச்சு காரசாரமாகப் போனது, ஆறாவது பேச்சில் காக்கை “உன் இரவும் அழகு, என் பகலும் அழகு” என்றது, உடனே கூகை “நாம் நண்பர்களாக இருப்போம்” என்றது. மகளுக்கு அழுகையே வந்துவிட்டது. நிஜத்தில் அப்படியா நடக்கிறது? எங்கள் தோப்பில் பகலில் ஒரு கூகை வெளியே தலை காட்டினால் போதும், பத்து இருபது காக்கை கூடிக் கத்திக் கொத்தி விரட்டும். இந்தச் சாட்பாட்டுகளைப் பழக்கும்போது எந்தப் பதில் நன்றாக இருக்கிறது என்று மனிதர்கள் மதிப்பிட்டு அந்தப் பக்கம் சாய வைக்கிறார்கள், அதனால் இணங்கிப் போவது அதற்குப் பழக்கமாகிவிடுகிறது என்று நினைக்கிறேன். பகையைப் பகையாகவே வைத்திருக்க நாம்தான் கட்டாயப்படுத்த வேண்டும்.

இரண்டாம் நாள் விதி எழுதினோம். சமாதானம் பேசக் கூடாது. அந்த உயிரின் உடம்புக்கும் பழக்கத்துக்கும் உண்மையானதை மட்டும் சொல்ல வேண்டும். இடம் காவிரி டெல்டா, வயல் சம்பா வயல். இதை இரண்டு பக்கமும் ஒட்டினோம். சண்டை சூடாகத்தான் இருந்தது, ஆனால் அப்போதுதான் தப்புகள் வெளியே வந்தன. கூகை “கூ... கூ...” என்று குரல் கொடுத்தது. எங்கள் ஊர்க் கூகை ஒருநாளும் அப்படிக் கூவியதில்லை, தகரத்தைக் கிழித்தது போல ஒரு கிறீச்சல்தான். பகலில் தனக்குக் கண்ணே தெரியாது என்றும் சொன்னது. அதுவும் தப்பு, பகலிலும் அதற்குப் பார்வை உண்டு. காக்கைக்கு எதிராகக் குயிலை இறக்கிப் பார்த்தோம். குயில் குஞ்சு காக்கையின் முட்டைகளைக் கூட்டிலிருந்து தள்ளிவிடும் என்று அடித்துப் பேசியது. ஐரோப்பாவின் குக்கூ பறவைதான் அப்படிச் செய்யும். நம் ஊர்க் குயில் குஞ்சு பொதுவாகத் தள்ளுவதில்லை, முன்னாலேயே பொரிந்து தீனியில் முந்திக்கொள்ளும். எங்கோ எழுதியதை எல்லாம் ஒன்றாகப் படித்துவிட்டு நம் ஊர்ப் பறவைக்கு மாட்டிவிடுகிறது. தெரிந்தவன் பக்கத்தில் இல்லையென்றால் பிள்ளைகள் அதையே நம்பிவிடும்.

மூன்றாம் நாள் கூகைக்கு எதிராக வயல் எலி. இதைத்தான் நான் முக்கியமாக எழுத வந்தேன்.

எலி முதலில் பொறியில் வைத்த பாலாடைக்கட்டியைப் பார்த்துப் பயப்படுவதாகச் சொன்னது. மகள் உடனே, “இங்க கிட்டிதான், மூங்கிலை வில்லா வளைச்சு நாண் கட்டி வரப்புல வைப்பாங்க, கழுத்தை இறுக்கிடும்” என்று தட்டினாள். தஞ்சாவூர்க் கிட்டி என்று ஒன்றைச் சொன்னதும் எலியின் பேச்சே மாறிவிட்டது. “உங்கள் வரப்பு அகலமாக இருக்கிறது, புல் மண்டியிருக்கிறது, எனக்கு வீடு கட்டித் தந்ததே நீங்கள்தான். மூன்று வாரத்தில் குட்டி போடுவேன், கிட்டி எத்தனையைப் பிடிக்கும்?” என்றது. எனக்குச் சுருக்கென்றது. எங்கள் வடக்கு வரப்பு அப்படித்தான் கிடக்கிறது. போன வருஷம் அந்த வரப்பை ஒட்டித்தான், கதிர் இன்னும் வெளிவராத பொதிப் பருவத்தில், எலி தூர் தூராகச் சாய்வாக வெட்டிப் போட்டிருந்தது, வளையைத் தோண்டினால் உள்ளே கை கொள்ளாத கதிர்.

கூகை விடவில்லை. “எனக்கு இரண்டு காதும் ஒரே மட்டத்தில் இல்லை, ஒன்று மேலே, ஒன்று கீழே, அதனால் நீ வைக்கோலுக்கு அடியில் நகர்ந்தாலும் எந்த இடம் என்று எனக்குத் தெரியும். என் சிறகு சத்தம் போடாது” என்றது. இதெல்லாம் உண்மை, அப்புறம் தேடிப் பார்த்துச் சரிபார்த்தேன். அதற்கு எலி சொன்னது: “என்னைக் கொல்ல மனிதன் வைக்கும் விஷம் உன்னையும் கொல்லும்.” கூகையின் பதில் இது: “விஷம் தின்ற எலி மெதுவாக ஓடும். அதைத்தான் நான் முதலில் பிடிப்பேன்.”

அதற்கு மேல் ஒட்டவில்லை. போனைக் கீழே வைத்துவிட்டேன். போன மார்கழியில் நான்தான் வரப்பெல்லாம் விஷக் கட்டி வைத்தேன். ரத்தத்தை உறையவிடாமல் செய்யும் மருந்து, தின்ற எலி உடனே சாகாது, சில நாள் தள்ளாடிக்கொண்டு திரியும். பொங்கலுக்கு முன்னால் பழைய மாட்டுக் கொட்டகை ஓரத்தில் கூகை ஒன்று செத்துக் கிடந்தது. இதய வடிவத்தில் வெள்ளை முகம், அடிபட்ட காயமே இல்லை. அம்மா “அபசகுனம் ஒழிஞ்சது” என்றார், நானும் குழி தோண்டிப் புதைத்துவிட்டு வந்துவிட்டேன். அந்த விஷத்தால்தான் செத்தது என்று அடித்துச் சொல்ல என்னிடம் சோதனை எதுவும் இல்லை. ஆனால் இரண்டையும் நான் ஒருநாளும் சேர்த்து நினைத்ததே இல்லை. வட்டார வேளாண்மை அலுவலரிடம் கேட்டேன், இந்த வகை மருந்தில் அப்படி நடப்பது உண்டு என்றுதான் சொன்னார்.

அந்தச் சாட்பாட்டுக்குக் கூகையின் வலி தெரியும் என்று நான் சொல்லவில்லை. யாரோ எழுதி வைத்ததை அது கோத்துத் தருகிறது. இதே செய்தியை ஒரு துண்டுப் பிரசுரத்தில் படித்திருந்தால் மடித்து வைத்திருப்பேன், எதிரியோடு வாதாடும் குரலில் வந்தபோது கேட்டேன்.

இந்த சம்பாவுக்கு விஷம் வைக்கவில்லை. வடக்கு வரப்பை வெட்டி ஒடுக்கி, புல்லைச் செதுக்கி, தென்னை மட்டையைத் தலைகீழாக ஏக்கருக்குப் பதினைந்து நட்டிருக்கிறேன், கூகை உட்கார்ந்து பார்க்க. கிட்டி வைக்கிற பெரியவரையும் வரச் சொல்லியிருக்கிறேன். எலி வெட்டு இன்னும் இருக்கிறது, எவ்வளவு குறைந்தது என்பதை அறுவடைக்குப் பிறகுதான் சொல்ல முடியும். அம்மாவுக்கு மட்டும் இன்னும் மனசு ஒப்பவில்லை, கிறீச்சல் கேட்டால் எழுந்து உட்கார்ந்துவிடுகிறார். பேத்தி பக்கத்தில் போய்ப் படுத்துக்கொண்டு “எலி பிடிக்க வந்திருக்கு ஆத்தா” என்று சொல்கிறாள்.

செய்து பார்க்கிறவர்களுக்கு ஒன்று. பேச்சு நீள நீள முதலில் சொன்ன விதி தளர்ந்துவிடும், இருபது முப்பது தடவை போய்வந்ததும் எங்கள் கூகை தான் கூகை என்பதையே விட்டுவிட்டது. விதிகளை மறுபடி ஒட்டுங்கள். உங்கள் வயல், உங்கள் ஊர்ப் பெயர், அங்கே வைக்கிற பொறி, இதையெல்லாம் நீங்களே சொல்லிக் கொடுங்கள். அது சொல்வதை வயலில் போய்ப் பாருங்கள்.

மகள் அடுத்து கோடியக்கரையைப் பிடித்திருக்கிறாள், அங்கே சரணாலயத்தில் ஒரே புல்வெளியில் வெளிமானும் காட்டுக்குதிரையும் மேய்கின்றன அல்லவா, அந்த இரண்டையும் பேசவிடப் போகிறாள். எங்களுக்கு அதுகளைப் பக்கத்தில் பார்த்த பழக்கம் இல்லை. வேதாரண்யம் பக்கத்துக்காரர்கள் யாராவது குதிரை வரும்போது மான் ஒதுங்குமா, கோடையில் தண்ணீருக்கு எது முந்தும் என்று கண்ணால் பார்த்ததை எழுதினால் விதியில் சேர்த்துக்கொள்வோம்.