புதுப்பிப்பு: கூட்டமில்லாத மலைப்பாதை முடிவாகிவிட்டது

கூட்டம் இல்லாத, பல நாள் நடக்கக்கூடிய மலைப்பாதை ஒன்று சொல்லுங்கள் என்று முன்பு கேட்டிருந்தேன். பலரும் இத்தாலியின் டோலமைட்ஸ் மலைத்தொடரையே சொன்னீர்கள். அழகுதான், ஆனால் கூட்டத்துக்குத் தப்பிக்கத்தானே கேட்டேன்!

கடைசியில் அதற்குப் பக்கத்திலேயே, ஆஸ்திரியா-இத்தாலி எல்லையை ஒட்டி ஓடும் கார்னிக் உயர்பாதையைத் தேர்ந்தெடுத்துவிட்டேன். பாதை எண் 403. முதல் உலகப்போரில் போர்முனையாக இருந்த முகடு இது. பதுங்குகுழிகள் இன்னும் இருக்கின்றன.

ஒரு நாளைக்கு எவ்வளவு நடக்கலாம் என்பதற்கு நெய்ஸ்மித் விதியை வைத்துக் கணக்குப் போட்டேன். 5 கி.மீ.க்கு ஒரு மணி நேரம், ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். 15 கி.மீ., 1,200 மீட்டர் ஏற்றம் என்றால் 5 மணி நேரம். ஓய்வு, சாப்பாடு, மோசமான தரை எதுவும் இதில் சேராது. அதனால் நான் பாதியளவு நேரம் கூட்டிக்கொள்கிறேன். கோடையில் ஆல்ப்ஸில் பிற்பகல் இடிமழை சகஜம், எனவே விடிந்ததும் கிளம்புவதுதான் திட்டம்.

தங்குவது மலைக்குடில்களில், கூடாரம் வேண்டாம். அப்புறம், செப்டம்பர் தொடக்கத்தில் போனவர்கள் யாராவது இருந்தால், முகட்டில் குளிர் எப்படி இருந்தது என்று சொல்லுங்கள்.