விளக்கு மங்கிய மாலை: எங்கள் குடும்பக் குழுவில் ஓர் உரையாடல்

அண்ணன் (மாலை 6.40): புயலில் போன மின்சாரம் இன்னும் வரவில்லை. ஜெனரேட்டரை எடுத்து ஓட்டியிருக்கிறேன். பிரிட்ஜ் ஓடத் தொடங்கும்போதெல்லாம் விளக்குகள் மங்குகின்றன, இயந்திரம் முனகுகிறது. மாமா, பழுதாகிவிட்டதா?

மாமா: பழுதாக இருக்காது மாப்பிள்ளை. அதன் தகட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துச் சொல்.

அண்ணன்: தொடர் ஓட்டம் 2.2 கிலோவாட், உச்சம் 2.5.

மாமா: உச்சத்தை நம்பாதே, அது சில நொடிகளுக்குத்தான். 2,200 வாட்டிலும் 80 சதவீதம், அதாவது 1,760-க்குள் நின்றுகொள். என்னென்ன போட்டிருக்கிறாய்?

அண்ணன்: பிரிட்ஜ், 2 மின்விசிறி, 4 எல்இடி விளக்கு, வைஃபை, கைபேசி சார்ஜர்கள். எல்லாம் சேர்த்து 450 வாட்டைத் தாண்டாது.

அண்ணி: இன்வெர்ட்டரை விட்டுவிட்டீர்களே! பேட்டரி காலையிலேயே தீர்ந்துபோனது. அதையும் அதே எக்ஸ்டென்ஷன் பெட்டியில்தான் செருகியிருக்கிறோம்.

மாமா: நல்ல வேளை சொன்னாய் அம்மா. காலியான பேட்டரி 300, 400 வாட் கூட இழுக்கும். யார் கண்ணிலும் படாத சுமை அது.

நான்: அப்படியும் 850தானே மாமா? 1,760 எங்கே, 850 எங்கே? ஏன் மங்க வேண்டும்?

மாமா: இதைக் கேட்டாயே, அதுதான் விஷயம். விளக்கு, இஸ்திரிப் பெட்டி எல்லாம் போட்டதும் ஓர் அளவு எடுக்கும், அதிலேயே நிற்கும். மோட்டார் அப்படி அன்று. சும்மா கிடக்கும் மோட்டாரை எழுப்பிச் சுழல வைக்க, ஓடும்போது தேவைப்படுவதைவிட 3 முதல் 6 மடங்கு வரை ஓரிரு நொடிகளுக்கு வேண்டும். பிரிட்ஜின் கம்ப்ரசரும் மோட்டார்தான். 200 வாட்டில் ஓடுவது, எழும்போது 1,000 கேட்கும். மற்றவை 650. ஆக 1,650. தாங்கிவிடும், ஆனால் திணறித்தான் தாங்கும். நீ கேட்ட முனகல் அதுதான்.

மாமா: இன்னொன்று. எக்ஸ்டென்ஷன் வயர் சுற்றியபடியே கிடக்கிறதா?

அண்ணன்: ஆம், பாதி உருளையிலேயே இருக்கிறது.

மாமா: முழுவதும் விரித்துப் போடு. சுற்றிக் கிடக்கும் வயரில் சூடு வெளியேறாது; மேலுறை உருகிவிடும். மெல்லிய வயர் என்றால் மின்னழுத்தமும் குறையும், மங்கலுக்கு அதுவும் காரணம். 2.5 சதுர மில்லிமீட்டர் செப்பு வயர் இருந்தால் அதைப் போடு.

அண்ணன்: சரி மாமா. மேல்தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற வேண்டும். அரைக் குதிரைத்திறன் மோட்டார்தான். அதன் இணைப்பு சுவருக்குள் போகிறது. இரண்டு முனையிலும் பிளக் வைத்த வயர் ஒன்று பக்கத்து வீட்டில் இருக்கிறது. சுவர் சாக்கெட்டில் செருகிவிட்டால் போதும் என்கிறார்கள்.

மாமா: வேண்டாம். அதைக் கையில் கூட வாங்காதே.

மாமா: ஒரு முனை ஜெனரேட்டரில் இருக்கும்போது மறுமுனையின் கம்பிகள் வெளியே நீட்டிக்கொண்டு மின்சாரத்தோடு நிற்கும். குழந்தை தொட்டால் போச்சு. மெயினை அணைக்க மறந்தாயானால் மின்சாரம் தெருக் கம்பிக்குப் போகும். அங்குள்ள டிரான்ஸ்பார்மர் அதைத் தலைகீழாக ஆயிரக்கணக்கான வோல்ட்டாக உயர்த்தும். மின்சாரம் இல்லை என்று நம்பிக் கம்பத்தில் ஏறியிருப்பவர் உயிர் போகும். வீட்டு வயரிங்கோடு சேர்க்க வேண்டுமானால், தெரு மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு ஜெனரேட்டருக்கு மாற்றும் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் வேண்டும், அதை உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியன் பொருத்த வேண்டும். வேறு வழி கிடையாது.

அக்கா: மாமா சொல்வதைக் கேள். தொட்டியில் எவ்வளவு இருக்கிறது?

அண்ணி: பாதி இருக்கிறது. சமாளித்துக்கொள்கிறோம்.

மாமா: சுவிட்ச் பொருத்திய பிறகும் கணக்கை மறக்காதே. அந்த மோட்டார் ஓடும்போது ஏறத்தாழ 600 வாட், எழும்போது 3 மடங்கு என்றாலும் 1,800. இப்போதுள்ள 850-ஐச் சேர்த்தால் 2,650. உச்சத்தையே தாண்டுகிறது! தண்ணீர் ஏற்றும் நேரத்தில் பிரிட்ஜும் இன்வெர்ட்டரும் கழன்றிருக்க வேண்டும்.

அம்மா (7.25): தூறல் விழுகிறது. ஜெனரேட்டரை முன் தாழ்வாரத்துக்குள் இழுக்கிறான். சரிதானா தம்பி?

மாமா: கூடாது அக்கா! உடனே நிறுத்தச் சொல்லுங்கள். அந்தப் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலைவலி, மயக்கம் என்று தொடங்கி, தூங்குகிறவர்கள் எழாமலே போய்விடுவார்கள். வீட்டிலிருந்து 20 அடியாவது தள்ளி, புகைக்குழாய் வீட்டுக்கு எதிர்ப்பக்கம் பார்த்து நிற்க வேண்டும். மழை விடும் வரை ஓட்ட வேண்டாம்.

அண்ணன்: நிறுத்திவிட்டேன் மாமா. பிரிட்ஜில் இருப்பவை?

மாமா: கதவைத் திறக்காமல் வைத்தால் 4 மணி நேரம் குளிர்ச்சி நிற்கும். இப்போது எல்லாப் பிளக்கையும் கழற்றிவிடு. மழை விட்டதும் ஈரம் துடைத்துப் பழைய இடத்தில் வை. பெட்ரோல் ஊற்றுவதானால் ஆறியிருக்கும்போதே ஊற்று. முதல் 3 நிமிடம் வெறுமனே ஓடட்டும். பிறகு பிரிட்ஜ் மட்டும். அது சீராக ஓடத் தொடங்கியதும் மின்விசிறி, விளக்கு. கடைசியில் இன்வெர்ட்டர். நிறுத்தும்போது எல்லாவற்றையும் கழற்றிவிட்டு இரண்டு நிமிடம் கழித்து அணை. பிரிட்ஜைக் கழற்றிய உடனே திரும்பப் போடாதே. கம்ப்ரசருக்குள் அழுத்தம் இறங்க 5 நிமிடம் கொடு.

அண்ணன் (8.50): மழை விட்டுவிட்டது. நீங்கள் சொன்ன வரிசையிலேயே போட்டேன். பிரிட்ஜ் இப்போது இரண்டாம் முறை ஓடத் தொடங்கியது. விளக்கு லேசாகக் கண் சிமிட்டியதோடு சரி. வயரை விரித்துப் போட்டிருக்கிறேன், சூடு இல்லை.

அம்மா: தண்ணீர் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் தம்பி. நீ போய்ச் சாப்பிடு.